ஆடுகளமும் ஆளுமையும்: திரினிதாத் அனுபவம் பற்றிய ஒரு குறிப்பு

விளையாட்டும் போட்டியும் ஆளுமையை உருவாக்கித் தொழில் வாழ்வின் வெற்றிக்கு வழிசமைக்கின்றன என்பது நமது கல்லூரிப் பரிசளிப்பு விழாக்களில் ஆண்டுதோறும் கேட்கக்கூடிய கருத்தாகும். ஆளுமையைச் சமூக உறவுகளிலிருந்து பிரித்து நோக்கும் இக்கருத்தினை, அது பரப்பப்பட்ட குடியேற்ற நாட்டுச் சூழலில் வைத்தே நாம் பரிசீலித்தல் வேண்டும். இவ்வகையில் திரினிதாத் தீவின் கிரிக்கெட் வரலாறு மிகுந்த பயனுடையது. மார்க்சிய அறிஞர் சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட, 'எல்லைக்கோட்டுக்கு அப்பால்' எனப் பொருள்படும் ஆங்கில நூல் அதனை விரிவாக ஆராய்கின்றது.

1920களில் அத்தீவின் கழகங்கள் நிறத்தையும் வர்க்கத்தையும் ஒட்டியே அமைந்திருந்தன. குயீன்ஸ் பார்க் செல்வாக்குள்ள வெள்ளையருக்குரியது. மேப்பிள் கலப்பு நிற மத்தியதர வர்க்கத்தினருக்குரியது. ஷனன் கழகத்தில் கறுப்பின ஆசிரியரும் எழுதுவினைஞரும் இடம்பெற்றனர். கறுப்பரான ஜேம்ஸ் தமது கல்வித் தகுதியின் பலத்தில் மேப்பிளிற் சேர்ந்தார். அத்தெரிவு தமது அரசியல் வளர்ச்சியைப் பல ஆண்டுகள் பின்தள்ளியதாகப் பின்னர் அவரே கருதினார். ஷனன் வீரரின் ஆட்டத்திற் காணப்பட்ட கண்டிப்பான ஒழுங்கு, தமது மக்கள் அனைவரும் தம்மைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றனர் என்ற கூட்டுணர்வின் பேறாகும். பரிசளிப்பு விழா உரைகள் இத்தகைய ஊக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

அக்கழகத்தின் தலைசிறந்த வீரர் லியரி கொன்ஸ்ரன்ரைன் (1901-1971). அடிமைகளின் வழித்தோன்றலான அவர் சட்டத்தரணி அலுவலகமொன்றில் எழுதுவினைஞராக இருந்தார். கறுப்பர் ஒருவர் அத்துறையில் மேலுயர்வது அங்கு அரிதாகவிருந்தது. கிரிக்கெட்டிற் பெற்ற புகழும் தீவில் அவருக்குப் பிழைப்பளிக்கவில்லை. 1928இன் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டங்களும் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளும் பெற்ற பின்னரே, லங்காஷயரின் நெசவாலை நகரான நெல்சன் 1929இல் அவரை ஊதியம் பெறும் வீரராக அமர்த்திற்று. இங்கு ஒன்றனை அழுத்திக் கூறுதல் தகும். ஊதியமின்றி ஆடுவதே உயர்ந்ததென்ற 'கனவான்' இலட்சியம் உழைக்காமலே வாழக்கூடியவனின் இலட்சியமாகும். கொன்ஸ்ரன்ரைனுக்குக் கைகொடுத்தது, சனிக்கிழமைப் பிற்பகல்களில் ஆட்டம் பார்க்க வந்த ஆலைத் தொழிலாளரின் சில்லறையே. அவர் ஆடிய ஒன்பது பருவங்களில் நெல்சன் ஏழு தடவை வாகை சூடிற்று. 1932இல் இங்கிலாந்து வந்த ஜேம்சுக்குத் தங்குமிடம் கிடைத்ததும், அவரது முதல் அரசியல் நூல் வெளிவந்ததும் கொன்ஸ்ரன்ரைனின் உதவியாலேயே.

எனினும், விளையாட்டறம் முழுவதும் ஆளும் வர்க்கத்தின் ஏமாற்றே என ஒதுக்கும் நண்பர் சிலரின் முடிவு அவசரமானது. நடுவரின் தீர்ப்புக்குப் பணிதல், தோல்வியை முறையிடாது ஏற்றல் முதலியவற்றை ஆங்கிலப் பாணிக் கல்லூரியிற் கற்ற ஜேம்ஸ், மார்க்சியரான பின்னும் அவற்றைக் கைவிடவில்லை; கற்பித்தோரையே அவற்றால் அளந்தார். மேற்கிந்திய அணிக்கு வெள்ளையரே தலைமை தாங்கும் வழமைக்கெதிராக, 1960இல் தாம் ஆசிரியராயிருந்த 'த நேஷன்' இதழில் அவர் இயக்கம் நடத்தியபோது, களத்தினுள் போதிக்கப்பட்ட நியாயத்தைத் தலைவர் தெரிவிலும் கைக்கொள்ளுமாறே கேட்டார். அவ்வாண்டின் அவுஸ்திரேலியப் பயணத்துக்கு பிராங்க் வொறெல் தலைவரானார். ஒரு தொடர் முழுவதற்கும் அப்பொறுப்புக்கு நியமிக்கப்பட்ட முதற் கறுப்பர் அவரே.

கொன்ஸ்ரன்ரைனுக்கு அத்தகைய நியமனம் கிடைக்கவில்லை. 1943இல், லோர்ட்ஸ் மைதானத்தில் ஆடுவதற்காக லண்டன் வந்த அவரை, நிறத்தின் காரணமாக இம்பீரியல் விடுதி தங்க அனுமதிக்கவில்லை. அவர் வழக்குத் தொடர்ந்து 1944இல் வென்றார். நீதிமன்றம் விதித்த இழப்பீடு 5 கினி.