கல்லூரிகளில் ஆவி ஆராய்ச்சி: கேம்பிரிட்ஜ் முதல் மதனப்பள்ளி வரை

திருப்பதி: நள்ளிரவில் பாழடைந்த கட்டடத்துக்குள் கருவிகளுடன் நுழைந்து, அங்கு ஆவி நடமாட்டம் உள்ளதா எனத் தேடும் இளைஞர்களின் காணொலிகள் சமூக ஊடகங்களில் பரவலாகக் காணப்படுகின்றன. இது புதிய வழக்கம் போலத் தோன்றினாலும், கல்லூரி மாணவர்கள் சங்கம் அமைத்து அமானுஷ்யத்தை ஆராயத் தொடங்கி 170 ஆண்டுகளுக்கும் மேலாகிறது. அந்த வரலாற்றில் சென்னைக்கும் ஆந்திரத்துக்கும் முக்கிய இடம் உண்டு. அதை இன்று ஏன் நினைவுகூர வேண்டும் என்பதற்கு, சித்தூர் பகுதியில் 2021இல் நடந்த ஒரு துயரமே விடையாக அமைகிறது.

மதனப்பள்ளியில் நடந்தது என்ன?

அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியில், 2021 ஜனவரி 24ஆம் தேதி இரவு, பட்டப்படிப்பு முடித்த இரு சகோதரிகள் தங்கள் வீட்டிலேயே கொல்லப்பட்டனர். பெற்றோர் கைது செய்யப்பட்டனர். மகள்கள் மீண்டும் உயிர்பெற்று எழுவார்கள் என அவர்கள் நம்பியதாகக் காவல் துறையினர் தெரிவித்தனர். பெற்றோர் இருவரும் கல்வித் துறையைச் சேர்ந்தவர்கள் என்பது நாட்டையே அதிர்ச்சியில் ஆழ்த்தியது. அவர்கள் மனநலப் பரிசோதனைக்கும் உட்படுத்தப்பட்டனர்.

இச்சம்பவத்துக்கும் மாணவர் சங்கங்களுக்கும் தொடர்பு இல்லை. ஆயினும், படிப்பு மட்டுமே ஒருவரை இத்தகைய நம்பிக்கைகளிலிருந்து காத்துவிடுமா என்ற கேள்வியை அது எழுப்பியது. கல்லூரிகளில் நடந்த ஆவி ஆராய்ச்சியின் வரலாறும் இதே கேள்வியைத்தான் சுற்றி வருகிறது.

தொடக்கம் கேம்பிரிட்ஜில்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1851ஆம் ஆண்டு வாக்கில் ‘ஆவிச் சங்கம்’ ஒன்று உருவானது. பின்னாளில் கேன்டர்பரி பேராயரான எட்வர்டு வைட் பென்சன் அதன் நிறுவனர்களில் ஒருவர். ஆவியைக் கண்டதாகக் கூறுவோரின் அனுபவங்களை வினாத்தாள் அனுப்பித் திரட்டுவதே அதன் முக்கியப் பணி. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்திலும் இத்தகைய சங்கம் ஒன்று 1879 முதல் 1885 வரை இயங்கியது.

கேம்பிரிட்ஜ் சங்கத்தில் மாணவராகப் பங்கேற்ற ஹென்றி சிட்ஜ்விக், பின்னர் தத்துவப் பேராசிரியரானார். லண்டனில் 1882இல் தொடங்கப்பட்ட உளவியல்சார் அமானுஷ்ய ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைவரும் அவரே. கதைகளைச் சேகரிப்பதோடு நில்லாமல், அவற்றைச் சோதித்தறிய வேண்டும் என்பது அக்கழகத்தின் நோக்கமாக இருந்தது. அந்த நோக்கத்துக்கு முதல் பெரும் சோதனைக்களமாக அமைந்தது சென்னை.

சென்னைக் கல்லூரி இதழும் அடையாறு விசாரணையும்

நியூயார்க்கில் 1875இல் தொடங்கப்பட்ட பிரம்மஞான சபை, 1882இன் இறுதியில் தனது தலைமையகத்தைச் சென்னை அடையாறுக்கு மாற்றியது. அங்குள்ள ஓர் அறையில் வைக்கப்பட்டிருந்த மரப்பேழையில், கண்ணுக்குத் தெரியாத மகாத்மாக்களின் கடிதங்கள் தாமாகவே தோன்றுவதாகக் கூறப்பட்டது. சபையின் நிறுவனர்களுள் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையாரின் புகழ் இதனால் பெருகியது.

இந்நிலையில், சபையில் பணிபுரிந்து வெளியேறிய எம்மா கூலோம் என்பவர், இந்த அற்புதங்களை எப்படி ஏற்பாடு செய்ய வேண்டும் எனப் பிளாவட்ஸ்கி தமக்கு எழுதியதாகச் சில கடிதங்களை அளித்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இதழ் 1884 செப்டம்பரில் அவற்றை வெளியிடத் தொடங்கியது. கடிதங்கள் போலியானவை எனப் பிளாவட்ஸ்கி மறுத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் அவர் ஐரோப்பாவிலிருந்து சென்னை திரும்பியபோது, கல்லூரி மாணவர்கள் அவருக்கு உற்சாக வரவேற்பு அளித்தனர். விசாரணை நடைபெறும் முன்பே மாணவர்கள் தரப்பு எடுத்துவிட்டனர்.

லண்டன் கழகம் அனுப்பிய ரிச்சர்டு ஹாட்சன் அதே மாதம் சென்னை வந்தார். கேம்பிரிட்ஜில் படித்த அவர், அறையின் அமைப்பை ஆராய்ந்தார்; சாட்சிகளைத் தனித்தனியே விசாரித்தார்; கையெழுத்துகளை ஒப்பிட்டார். பேழை வைக்கப்பட்டிருந்த சுவருக்கு மறுபுறம் பிளாவட்ஸ்கியின் படுக்கையறை இருந்ததை அவர் சுட்டிக்காட்டினார். அற்புதங்கள் மோசடியே என்ற முடிவுடன் 1885இல் அறிக்கை வெளியானது.

விவகாரம் அத்துடன் முடியவில்லை. ஹாட்சனின் கையெழுத்து ஆய்வில் குறைகள் இருப்பதாக வெர்னான் ஹாரிசன் என்ற நிபுணர் எழுதிய கட்டுரையை, 1986இல் அதே லண்டன் கழகம் தனது இதழில் வெளியிட்டது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் தனது அறிக்கையையே மறுபரிசீலனைக்கு உட்படுத்த அது முன்வந்தது குறிப்பிடத்தக்கது.

மதனப்பள்ளிக்கும் இந்தச் சபையுடன் நெருங்கிய தொடர்பு உண்டு. பின்னாளில் சபையின் தலைவரான அன்னி பெசன்ட் 1915இல் அங்கு ஒரு கல்லூரியைத் தொடங்கினார். 1919 பிப்ரவரியில் அக்கல்லூரிக்கு வந்த ரவீந்திரநாத் தாகூர், ‘ஜன கண மன’ பாடலை அங்குதான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சபையால் உலக குருவாக முன்னிறுத்தப்பட்டு, 1929இல் அந்தப் பொறுப்பையே துறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊரும் மதனப்பள்ளிதான்.

ஆய்வகத்துக்குள் வந்த அமானுஷ்யம்

இருபதாம் நூற்றாண்டில் இந்த ஆராய்ச்சி பல்கலைக்கழக ஆய்வகத்துக்குள் நுழைந்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே.பி. ரைன் 1930களில் மாணவர்களைக் கொண்டு சீட்டுச் சோதனைகளை நடத்தினார். வட்டம், கூட்டல் குறி, அலைக்கோடு, சதுரம், நட்சத்திரம் ஆகிய 5 குறிகள் கொண்ட 25 சீட்டுகளில், மறைத்து வைக்கப்பட்ட சீட்டு எது எனக் கூற வேண்டும். வெறும் ஊகத்தில் சராசரியாக 5 விடைகள் சரியாக அமையும். அதைவிடக் கூடுதலாகச் சிலர் சரியாகக் கூறியதாக ரைன் 1934இல் அறிவித்தார்.

ஆனால், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 132 பேரைக் கொண்டு 25,064 முறை நடத்தப்பட்ட சோதனையில் அத்தகைய ஆற்றலுக்கான சான்று கிடைக்கவில்லை. சில சீட்டுகளின் குறிகளைப் பின்புறத்திலிருந்தே கண்டுகொள்ள முடிந்ததும் தெரியவந்தது. பிறர் செய்து பார்க்கும்போதும் அதே விடை வர வேண்டும் என்ற நிபந்தனையை அந்த ஆய்வால் நிறைவு செய்ய இயலவில்லை.

ரைனுடன் பணியாற்றிய ஆந்திர உளவியலாளர் கே. ராமகிருஷ்ண ராவ், 1967இல் விசாகப்பட்டினத்தில் உள்ள ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் உளவியல் மற்றும் பாராசைக்காலஜி துறையை நிறுவினார். பின்னர் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பொறுப்பு வகித்த அவருக்கு 2011இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

தொலைக்காட்சி கொண்டுவந்த மாற்றம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2001இல் மாணவர்கள் தொடங்கிய அமானுஷ்ய ஆராய்ச்சிச் சங்கம், 2007 முதல் 2011 வரை ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடரால் உலகப் புகழ் பெற்றது. இத்தகைய தொடர்களுக்குப் பிறகு, வினாத்தாளின் இடத்தைக் கேமராவும், விசாரணையின் இடத்தைத் திகிலும் பிடித்தன. இன்றைய காணொலிகள் பெரும்பாலும் இந்த வடிவத்தையே பின்பற்றுகின்றன.

கருவிகள் காட்டுவது எதை?

இக்காணொலிகளில் அதிகம் காணப்படுவது மின்காந்தப் புலத்தை அளக்கும் கருவி. சுவருக்குள் செல்லும் மின்கம்பி, மின்மாற்றி, கையில் உள்ள கைப்பேசி என எது அருகில் இருந்தாலும் அக்கருவியின் அளவு உயரும். அதற்கும் ஆவிக்கும் தொடர்பு இருப்பதாக எவரும் நிரூபித்ததில்லை.

காரணமின்றி அச்சம் தோன்றுவதற்கும் விளக்கங்கள் உண்டு. இங்கிலாந்தில் தாம் பணிபுரிந்த ஆய்வகத்தில் சாம்பல் நிற உருவம் தெரிவதாக உணர்ந்த பொறியாளர் விக் டாண்டி, அதற்கு ஒரு காற்றாடியே காரணம் என 1998இல் எழுதினார். செவிக்கு எட்டாத, நொடிக்கு சுமார் 19 அதிர்வுகள் கொண்ட ஒலியை அது எழுப்பியதாக அவர் கண்டறிந்தார். இந்த விளக்கம் எல்லா இடங்களுக்கும் பொருந்தும் எனக் கூற முடியாது. எனினும், பயந்து ஓடாமல் காரணத்தைத் தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

விடுதி மாணவர்கள் அடிக்கடி கூறும் ‘அமுக்குவான் பேய்’ அனுபவம் மருத்துவத்தில் உறக்க முடக்கம் எனப்படுகிறது. கனவு நிலையில் தளர்ந்திருக்கும் தசைகள் செயல்படும் முன்பே மூளை விழித்துக்கொள்வதால், உடலை அசைக்க முடிவதில்லை. அருகில் யாரோ நிற்பதாகவும் தோன்றும். போதிய உறக்கமின்மை இதைத் தூண்டுகிறது.

சட்டமும் கடமையும்

அறிவியல் மனப்பான்மையையும் கேள்வி கேட்கும் உணர்வையும் வளர்ப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமை என அரசியலமைப்பின் 51ஏ (எச்) பிரிவு கூறுகிறது. இது 1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. மகாராஷ்டிரம் 2013இலும், கர்நாடகம் 2017இலும் நரபலி, பில்லிசூனியம் போன்றவற்றுக்கு எதிராகச் சட்டம் இயற்றின. இவை தண்டிப்பது தீங்கிழைக்கும் செயல்களையே, நம்பிக்கையை அல்ல.

ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகம், ஐஐடி, ஐஐஎஸ்இஆர் எனப் பல உயர்கல்வி நிறுவனங்கள் உள்ள திருப்பதி போன்ற நகரில், ஆவி பற்றி மாணவர்கள் கேள்வி கேட்பது இயல்பானதே. அதை எப்படிக் கேட்கிறார்கள் என்பதே முக்கியம். உரிய அனுமதி பெறுதல், எதைச் சான்றாக ஏற்பது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்தல், இயல்பான காரணங்களை முதலில் சோதித்தல், மாற்றுக் கருத்து உடையவரையும் உடன் அழைத்தல், எதுவும் கிடைக்கவில்லை என்றாலும் அதை வெளியிடுதல் ஆகியவை கடந்தகால ஆய்வுகள் தரும் பாடங்கள். இவை இல்லாத தேடல், ஏற்கெனவே உள்ள அச்சத்தையே உறுதிப்படுத்தும்.

குரல்கள் கேட்பதாகவோ, உருவங்கள் தெரிவதாகவோ ஒருவர் தொடர்ந்து கூறினால், அவருக்குத் தேவை மருத்துவ உதவியே. மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி மையத்தை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தொடர்பு கொள்ளலாம்.