கருவிலேயே கன்றைச் சோதித்தல்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கங்களில் தொழிற்சாலைகள் பெருகி மேய்ச்சல் தரை குறுகிவிட்டமையால், குடியானவர் வளர்க்கும் ஒவ்வொரு கன்றும் தேறவேண்டியது அவசியமாகும். ஹோல்ஸ்டீன் இனத்தில் ‘பிலாட்’ என்னும் பரம்பரை நோயுண்டு. 1952-ல் அமெரிக்காவில் பிறந்த ஆஸ்பர்ன்டேல் ஐவன்ஹோ என்ற பொலிகாளையின் வழியாய்ப் பரவிய இது, இந்தியப் பொலிகாளைகளிலும் காணப்பட்டிருக்கிறது. இதைத் தாங்கிய மாடுகள் பார்வைக்குத் திடமாகவே இருக்கும். அத்தகைய பசுவும் காளையும் இணையின், கன்று இளமையிலேயே மாளும் அபாயம் 4-ல் 1 பங்கு.

கருமாற்ற முறையில் இதனை முன்னரே அறியலாம். 7-ஆம் நாள் கருவைக் கருப்பையினின்று கழுவியெடுத்து, பின்னர் நஞ்சுக்கொடியாகும் புறப்படலத்தினின்று சில உயிரணுக்களை மட்டும் நுண்ணிய கத்தியால் அறுத்துச் சோதிப்பர். கன்றாகும் உட்பகுதியைத் தொடலாகாது. பழுதற்ற கருவையே வேறு பசுவின் கருப்பையில் வைப்பர். கிடேரியா, காளையா என்பதும் இதிலேயே தெரியும். (மனிதக் கருவில் அவ்வாறு பால் தெரிந்தெடுத்தல் இந்தியச் சட்டப்படி குற்றம்.)

இவ்வசதி எட்டாதவர்கள், சினை ஊசிக்கு முன் அக்காளை ‘பிலாட்’ அற்றதெனச் சோதிக்கப்பட்டதா என்று கால்நடை வைத்தியரைக் கேட்டறியவும். காளை சுத்தமாயிருப்பின் அந்நோய்க் கன்று பிறவாது.