ஆவியில் கழுவும் தொட்டி

இயந்திர பாகங்களில் ஒட்டிய எண்ணெயைப் போக்கக் கரைப்பானில் முக்கினால் போதாதா? நாலு முறை முக்கினால் கரைப்பானே எண்ணெயாகிவிடும். அதனால்தான் ஆவி.

தொட்டியின் அடியில் சூடாக்கப்படும் ட்ரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் 87 டிகிரி செல்சியசில் கொதிக்கும். அதன் ஆவி காற்றைப்போல் சுமார் நாலரை மடங்கு கனம். தொட்டிக்குள்ளேயே தேங்கி நிற்கும். மீறி மேலே வருவதை விளிம்பருகே ஓடும் குளிர்நீர்க் குழாய்கள் திரவமாக்கித் திருப்பிவிடும். குளிர்ந்த உலோகத்தை இறக்கினால், இட்லிப் பானை மூடியில் நீர் கோப்பதுபோல் ஆவி படிந்து, எண்ணெயைக் கரைத்துக்கொண்டு வடியும். எண்ணெயின் கொதிநிலை மிக அதிகம் என்பதால் அது அடியிலேயே தங்கும். மறுபடி எழுவது சுத்தமான ஆவி. உலோகம் ஆவியளவு சூடானதும் படிவது நின்றுவிடும். வேலை முடிந்ததற்கு அதுவே அடையாளம்.

கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் இந்த ரசாயனம் மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது. தொட்டிக்குள் தலையை நீட்டிப் பார்க்காதீர்கள்.