கர்ப்பிணிகளை அச்சுறுத்தியது தொற்று மட்டுமல்ல

புதுதில்லி: கொரோனா பெருந்தொற்றின் பாதிப்பைக் கணக்கிடும்போது தொற்றாளர் எண்ணிக்கை, உயிரிழப்பு, ஆக்சிஜன் பற்றாக்குறை, வேலையிழப்பு ஆகியவை பேசப்படுகின்றன. அந்நாட்களில் கருவுற்றிருந்த பெண்களின் மனநிலை என்னவாக இருந்தது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் மருத்துவ ஆய்விதழ்களின் பக்கங்களுக்குள்ளேயே நின்றுவிட்டது. இது சிறு எண்ணிக்கையினரின் பிரச்சனை அல்ல. 2020 மார்ச் 11 முதல் டிசம்பர் 16 வரையிலான ஒன்பது மாத காலத்தில் இந்தியாவில் மட்டும் சுமார் 2 கோடியே 1 லட்சம் குழந்தைகள் பிறக்கக்கூடும் என்று ஐ.நா. குழந்தைகள் நிதியம் அவ்வாண்டு மே மாதம் மதிப்பிட்டது. அத்தனை தாய்மார்களும் தங்கள் பிரசவம் எங்கே, யார் துணையோடு, எப்படி நடக்கும் என்ற நிச்சயமின்மையில்தான் அம்மாதங்களைக் கழித்தனர்.

அவர்கள் எதை நினைத்து அஞ்சினார்கள் என்பதற்குத் தெளிவான சான்று உள்ளது. பெங்களூரில் இயங்கும் தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸைச் சேர்ந்த மருத்துவர்கள், 2020இல் 118 மகப்பேறு மருத்துவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினர். கர்ப்பிணிகளும் அண்மையில் பிரசவித்த பெண்களும் தங்களிடம் வெளிப்படுத்திய கவலைகள் எவை என்று அம்மருத்துவர்களிடம் கேட்கப்பட்டது. மருத்துவமனைக்கு வந்து செல்வது பற்றிய கவலையைச் சுமார் 73 சதவீத மருத்துவர்கள் குறிப்பிட்டனர். பாதுகாத்துக் கொள்ளும் முறைகள் பற்றிய கவலையை 60 சதவீதம் பேரும், குழந்தையின் பாதுகாப்பு பற்றிய கவலையை 52 சதவீதம் பேரும், சமூக ஊடகச் செய்திகளால் எழுந்த பதற்றத்தை 41 சதவீதம் பேரும் பதிவு செய்தனர். தமக்கே தொற்று ஏற்பட்டுவிடுமோ என்ற அச்சம் சுமார் 40 சதவீதத்துடன் இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வந்தது.

பாதுகாப்பான பிரசவத்திற்கு மருத்துவமனைக்கு வாருங்கள் என்று பல ஆண்டுகளாக வலியுறுத்தி வந்த ஒரு நாட்டில், கர்ப்பிணிகளின் முதன்மையான கவலையாக மருத்துவமனையே மாறியிருந்தது.

மூடிய கதவுகள்

அந்த அச்சம் கற்பனையில் பிறந்தது அல்ல. 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. நான்கு மணி நேரத்தில் அது நடைமுறைக்கு வந்தது. பேருந்தும் ரயிலும் ஆட்டோவும் நின்றன. பல மருத்துவமனைகள் புறநோயாளிகள் பிரிவை மூடின. சில மருத்துவமனைகள் கொரோனா சிகிச்சைக்கென முழுமையாக ஒதுக்கப்பட்டன. தொற்று இல்லை என்ற பரிசோதனைச் சான்று இருந்தால்தான் அனுமதி என்று தனியார் மருத்துவமனைகள் பல இடங்களில் நிபந்தனை விதித்தன.

மேற்கு இந்தியாவின் நான்கு மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு, தி லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான ஆய்வு இதன் விளைவைக் காட்டுகிறது. ஊரடங்கிற்கு முந்தைய பத்து வாரங்களில் அம்மருத்துவமனைகளில் பிரசவத்திற்காக 6,209 பெண்கள் அனுமதிக்கப்பட்டிருந்தனர். அடுத்த பத்து வாரங்களில் அந்த எண்ணிக்கை 3,527 ஆகச் சரிந்தது. அதாவது 43 சதவீதத்திற்கும் மேலான வீழ்ச்சி. பிரசவ நாளை யாரும் தள்ளிப்போட முடியாது என்பதால், வராத பெண்கள் வேறெங்கோ, வேறு எப்படியோ பிரசவித்தார்கள் என்பதே இதன் பொருள்.

2020 ஜூன் 5 அன்று தலைநகரை ஒட்டிய நொய்டா, காசியாபாத் பகுதியில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர், எட்டு மருத்துவமனைகளில் அனுமதி மறுக்கப்பட்டு, சுமார் 13 மணி நேர அலைச்சலுக்குப் பின் ஆம்புலன்சிலேயே உயிரிழந்தார். மாவட்ட நிர்வாகம் விசாரணைக்கு உத்தரவிட்டது. அதற்கு முந்தைய மாதம் மகாராஷ்டிராவின் நாசிக்கிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் சத்னாவுக்கு நடந்து சென்ற புலம்பெயர் தொழிலாளர் குடும்பத்துப் பெண் ஒருவர் சாலையோரத்தில் பிரசவித்து, சிறிது நேர ஓய்வுக்குப் பின் கைக்குழந்தையுடன் 150 கிலோ மீட்டருக்கு மேல் மீண்டும் நடந்தார். இச்செய்திகளைத் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் கண்ட ஒவ்வொரு கர்ப்பிணியும் அவற்றில் தன்னையே கண்டிருப்பார் என்பதில் வியப்பில்லை.

கட்டுப்பாட்டு மண்டலங்களில் வாழும் கர்ப்பிணிகளுக்கு மருத்துவ வசதி தடைபடுவது குறித்துப் பெண்கள் ஆரோக்கியத்திற்கான ‘சமா’ அமைப்பு தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. 2020 ஏப்ரல் 22 அன்று, கர்ப்பிணிகளுக்குத் தடையின்றிச் சேவை கிடைப்பதை மத்திய, தில்லி அரசுகள் உறுதி செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. மகப்பேறு சேவைகளைத் தொடர்வதற்கான விரிவான வழிகாட்டுதலை மத்திய சுகாதார அமைச்சகம் மே 24 அன்று வெளியிட்டது. அப்போது ஊரடங்கு தொடங்கி இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன.

துணையற்ற பிரசவம்

தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்வது நாட்டின் பல பகுதிகளில் உள்ள வழக்கம். மனநல நோக்கில் இது வெறும் சடங்கு அல்ல. ஓய்வும் ஆதரவும் கிடைக்கும் ஏற்பாடு. ஊரடங்கு அதைத் துண்டித்தது. பிரசவ அறையில் ஓர் உறவுப் பெண் உடனிருக்கலாம் என்று 2016இல் மத்திய அரசு பொது மருத்துவமனைகளுக்கு அளித்த அனுமதியும் நடைமுறையில் பல இடங்களில் கைவிடப்பட்டது. தொற்று உறுதியான தாயிடமிருந்து பச்சிளங்குழந்தையைப் பிரித்து வைத்த மருத்துவமனைகளும் உண்டு. உடனிருப்போர் தேவை, தாயும் சேயும் சேர்ந்தே இருக்கலாம், தாய்ப்பால் கொடுக்கலாம் என்பதே உலக சுகாதார அமைப்பின் பரிந்துரையாக இருந்தது.

வீடும் எல்லோருக்கும் பாதுகாப்பாக இருக்கவில்லை. 2020 மார்ச் 23 முதல் ஏப்ரல் 16 வரை தேசிய மகளிர் ஆணையத்திற்கு வந்த குடும்ப வன்முறைப் புகார்கள் 239. அதற்கு முந்தைய ஏறத்தாழ அதே கால அளவில் வந்தவை 123. வன்முறையாளரோடு ஒரே அறையில் அடைபட்ட பெண்ணால் தொலைபேசியில் புகார் சொல்வதே கடினம் என்பதால், ஏப்ரல் 10 அன்று ஆணையம் வாட்ஸ்அப் எண் ஒன்றை அறிவிக்க வேண்டியதாயிற்று.

தடுப்பூசி விஷயத்திலும் நிச்சயமின்மை நீடித்தது. 2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் விலக்கி வைக்கப்பட்டனர். பாலூட்டும் தாய்மார்களுக்கு மே 19இலும், கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2இலும்தான் அனுமதி கிடைத்தது. இரண்டாவது அலையின் உச்சம் மே மாதத் தொடக்கத்திலேயே கடந்துவிட்டிருந்தது. அந்த அலையில் பாதிக்கப்பட்ட கர்ப்பிணிகள், பிரசவித்த பெண்களிடையே இறப்பு விகிதம் 5.7 சதவீதம் என்றும், முதல் அலையில் அது 0.7 சதவீதமாக இருந்தது என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2021 ஜூனில் தெரிவித்தது. ஆபத்து அதிகம் என்று அறிவிக்கப்பட்ட ஒரு பிரிவினருக்கு, அதிலிருந்து காக்கும் ஊசி இன்னும் கிடைக்காத நிலை அது.

முன்பே இருந்த நோய்

எனினும் இந்தத் துயரத்தைப் பெருந்தொற்றே உருவாக்கியது என்று கூறிவிட முடியாது. வளரும் நாடுகளில் கர்ப்ப காலத்தில் 15.6 சதவீதப் பெண்களும், பிரசவத்திற்குப் பின் 19.8 சதவீதப் பெண்களும் மனநலப் பாதிப்புக்கு, முக்கியமாக மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர் என்று உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து, 20,043 பெண்களின் தரவுகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2017இல் அவ்வமைப்பின் இதழில் வெளியானது. பிரசவித்த பெண்களில் 22 சதவீதம் பேர் மனச்சோர்வால் பாதிக்கப்படுவதாக அது மதிப்பிட்டது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். பணநெருக்கடி, குடும்ப வன்முறை, கணவரின் ஆதரவின்மை, பெண் குழந்தை பிறந்தது ஆகியவை காரணிகளாகப் பட்டியலிடப்பட்டன. கோவாவில் மருத்துவர் விக்ரம் படேலும் சகாக்களும் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வும் வறுமை, பசி, மணவாழ்க்கை வன்முறை, குழந்தையின் பாலினம் ஆகியவற்றையே சுட்டிக்காட்டியது.

எனவே கர்ப்பிணியின் மனநலத்தை ஆலோசனை வகுப்புகளால் மட்டும் காத்துவிட முடியாது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு ஊழியர் போன்ற சிலரைத் தவிர அனைத்துக் கர்ப்பிணிகளுக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத மகப்பேறு உதவியை உரிமையாக்கியது. 2017இல் வந்த பிரதமர் மாத்ரு வந்தனா திட்டம் அதை முதல் குழந்தைக்கு மட்டும் 5,000 ரூபாய் எனச் சுருக்கியது. இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் 6,000 ரூபாய் என்ற திருத்தம் 2022இல்தான் வந்தது. வேலையும் கூலியும் ஒரே இரவில் பறிபோன 2020இல், இரண்டாவது முறை கருவுற்றிருந்த ஏழைப் பெண்ணுக்கு இத்திட்டத்தில் ஒரு ரூபாயும் இல்லை.

கணக்கில் வராத மரணங்கள்

இந்தியாவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2004-06இல் 254 ஆக இருந்த தாய் இறப்பு விகிதம், 2018-20இல் 97 ஆகக் குறைந்தது. இது உண்மையான சாதனை. ஆனால் பிரசவத்திற்குப் பின் 42 நாட்கள் வரையிலான மரணங்களே இக்கணக்கில் சேர்கின்றன. மனச்சோர்வு முற்றித் தற்கொலையில் முடிவது அதற்குப் பின்னும் நிகழ்கிறது. கர்ப்ப காலத்திலும் பிரசவத்திற்குப் பின்னும் நிகழும் தற்கொலையை நேரடித் தாய் மரணமாகவே வகைப்படுத்த வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2012இல் வழிகாட்டியது. ரத்தப்போக்கால் நேரும் மரணம் தணிக்கைக்கு உள்ளாகிறது. தூக்கில் தொங்கிய தாயின் மரணம் பெரும்பாலும் காவல் நிலையக் கோப்போடு முடிந்துவிடுகிறது.

சட்டம் பின்தங்கவில்லை. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் சேவைகளில் மனநல சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியது. மனநல நிலையத்தில் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்றும் அது கூறுகிறது. நாட்டிலேயே முதன்முறையாகத் தாயையும் சேயையும் ஒன்றாக அனுமதிக்கும் பிரிவை நிம்ஹான்ஸ் 2009லேயே தொடங்கியது. ஆனால் ஒரு லட்சம் மக்களுக்கு 0.75 மனநல மருத்துவர் மட்டுமே இருப்பதாக 2019இல் கணக்கிடப்பட்ட நாட்டில், சட்டத்தின் வாக்குறுதி மாவட்ட மருத்துவமனை வரைகூடச் செல்வதில்லை.

எளிய வழி உண்டு

மனநல மருத்துவர்களின் எண்ணிக்கை உயரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதை அனுபவம் காட்டுகிறது. கோவாவில் ‘சங்கத்’ அமைப்பு ஈடுபட்ட ஆய்வில், மனச்சோர்வுற்ற 280 கர்ப்பிணிகளில் ஒரு பகுதியினரை, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் ‘சகி’ என்ற பெயரில் சந்தித்து உரையாடினர். அவர்களில் மனச்சோர்விலிருந்து மீண்டவர்களின் விகிதம் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. இம்முடிவு 2019இல் வெளியானது. கேரளத்தின் ‘அம்ம மனசு’ திட்டத்தில் இளநிலைப் பொது சுகாதாரச் செவிலியர்களே கர்ப்பிணிகளின் மனநிலையைக் கேட்டறிந்து, தேவைப்படுவோரை மேல் சிகிச்சைக்கு அனுப்பப் பயிற்றுவிக்கப்பட்டனர். 1987இல் உருவான எடின்பரோ அளவுகோலில் இருப்பவை பத்தே கேள்விகள்.

நாடெங்கும் அக்கேள்விகளைக் கேட்கக்கூடிய நிலையில் இருப்பவர்கள் சுமார் 10 லட்சம் ஆஷா ஊழியர்கள். பெருந்தொற்றில் வீடு வீடாகச் சென்ற அவர்களுக்கு அப்பணிக்காகக் கூடுதலாகக் கிடைத்தது மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பாதுகாப்புக் கவசத்திற்கும் முறையான ஊதியத்திற்கும் 2020 ஆகஸ்டில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது. 2022இல் உலக சுகாதார அமைப்பு அவர்களுக்கு விருது வழங்கியது. ஊழியர் என்ற அங்கீகாரத்தை அரசு இன்னும் வழங்கவில்லை. மனநலப் பொறுப்பையும் ஊதியமின்றி அவர்கள் தோளில் ஏற்றினால் அது பதிவேட்டில் இன்னொரு கட்டமாகவே முடியும்.

2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் கைபேசி கணவரின் கையிலோ மாமியாரின் கையிலோ இருக்கும் வீடுகளில், கர்ப்பிணி தானாக அழைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. பரிசோதனைக்கு வரும்போது எடையும் ரத்த அழுத்தமும் பார்ப்பது போல, தூக்கம், பயம், வீட்டுச் சூழல் பற்றி அவரிடம் தனியே கேட்பது நாடு முழுவதும் வழக்கமாக வேண்டும். தாய் மரணத் தணிக்கை ஓராண்டு வரை நீள வேண்டும். தற்கொலையும் அதில் இடம்பெற வேண்டும். எந்த நெருக்கடியிலும் மகப்பேறு பிரிவு மூடப்படாது, உடனிருப்பவர் அனுமதி ரத்தாகாது என்பது பேரிடர் விதிகளிலேயே எழுதப்பட வேண்டும். இவற்றில் எதற்கும் அடுத்த பெருந்தொற்று வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.