தூளியும் பால்வாடியும்

ஐம்பது ஆண்டுகளுக்கு முன், நடவுக்குப் போன தாய் கைக்குழந்தையை வரப்போர மரத்தில் தூளி கட்டிப் போட்டாள். நடக்கத் தொடங்கிய பிள்ளையை மூத்த மகள் இடுப்பில் சுமந்தாள். அவள் பள்ளிக்கூடம் அதோடு நின்றது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, நாடு முழுவதற்கும் 33 வட்டாரங்களே அதில் இருந்தன. இன்று தமிழ்நாட்டில் மட்டும் அதன் மையங்களான அங்கன்வாடிகள் 50,000-க்கும் மேல். ஊர் வாயில் அவை இன்னும் பால்வாடிதான்.

1982 ஜூலை 1 அன்று பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, இரண்டு வயதுப் பிள்ளைக்கும் ஒருவேளைச் சோற்றை உறுதி செய்தது. 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. பால்வாடிப் பிள்ளைக்கு இன்று வாரத்துக்கு மூன்று. தம்பி தங்கையைச் சுமந்த வயதில் பெண்பிள்ளைகள் இப்போது புத்தகம் சுமக்கிறார்கள்.

வயிற்றுக்குச் சரியாக வந்த கணக்கு நேரத்துக்கு வரவில்லை. பால்வாடியைப் பொழுது சாயுமுன் பூட்டிவிடுவார்கள். துணிக்கடையில் நிற்கும் பெண் வீடு சேர இரவாகும். இரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்குச் சத்துமாவுப் பொட்டலம் வீட்டுக்கு வரும்; பார்த்துக்கொள்ள ஆள் வராது. ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும் என்றது 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம். சித்தாளுக்கும் வீட்டுவேலை செய்பவருக்கும் அந்த நிறுவனம் எது?

அன்று வீட்டில் பாட்டி இருந்தாள். பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. பிழைப்புக்காக நகரம் வந்த குடும்பத்துக்கு இரண்டும் ஊரிலேயே தங்கிவிட்டன. காசுள்ளவர்கள் ‘பிளே ஸ்கூல்’ தேடிப் போக, பால்வாடி மெல்ல ஏழைகளின் இடமாயிற்று. 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது அந்தப் பிரிவைக் குறைக்கத்தான்.

தனியார் காப்பகத்துக்குக் கட்டும் பணம் சம்பளத்தை நெருங்கும்போது, தாய் வேலையை விடுகிறாள். பால்வாடியை மாலை ஏழு மணிவரை திறந்துவைக்க இன்னொரு ஆயாவின் சம்பளம் வேண்டும். சோற்றுக்கும் முட்டைக்கும் காசு தேடிய மாநிலத்துக்கு அது தேட முடியாத காசு அல்ல.