காற்றைப் பிடிக்கும் கோபுரம்

கரண்டே இல்லாத காலத்தில் பாலைவனத்து மக்கள் வீட்டை எப்படிக் குளிர்ச்சியாக வைத்திருப்பார்கள்?

பிச்சாட்டூரில் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தால், ஆரணியாறு அணைக்கரைக்குப் போய்க் காற்று வாங்கலாம். துபாய்க்காரர்களோ காற்றையே வீட்டுக்குள் இழுத்து வந்துவிட்டார்கள்!

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையைப் பார்க்க சென்னையில் விமானம் ஏறுகிற தம்பதிகள் பலர், வழியில் துபாயில் ஒரு பொழுது தங்குவதுண்டு. புர்ஜ் கலீஃபாவை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததும், பழைய துபாயின் அல் ஃபஹீதி சந்துகளுக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.

அங்கே வீட்டு மாடிமேல் சதுரமாக ஒரு சின்னக் கோபுரம் நிற்கும். பெயர் பர்ஜீல். நாலு பக்கமும் திறப்பு, உள்ளே பெருக்கல் குறி போலக் குறுக்குச் சுவர். எந்தப் பக்கம் காற்றடித்தாலும் அந்தச் சுவரில் மோதி, நேராகக் கீழே அறைக்குள் இறங்கும். சூடான காற்று மறுபக்கமாக மேலே ஏறி வெளியே போய்விடும். பாரசீகக் கரையிலிருந்து வந்த வணிகர்கள் கொண்டுவந்த வித்தை இது.

கேட்கும்போதே, முற்றம் வைத்த நம்ம ஊர்ப் பழைய வீடு ஞாபகம் வருகிறதா? அனலை மேலே அனுப்பிவிட்டு நம்மைக் குளிர வைக்கிற வேலையைத்தானே அதுவும் செய்தது!