கடல் கடந்த வாணிகமும் விலாசக் காப்பும்

'விலாசம்' என்னும் சொல்லுக்கு நம் நாட்டில் இரண்டு பொருள் உண்டு. ஒருவர் வாழும் தெருவும் வீட்டெண்ணும் விலாசமாகும். நாட்டுக்கோட்டை நகரத்தார் வாணிகத்திலோ, தந்தை பாட்டன் முதலிய முன்னோர் பெயர்களின் முதலெழுத்துக்களைக் கோத்தமைத்த தொழிற்பெயரே விலாசம் எனப்பட்டது. இரங்கூனிலும் பிற ஊர்களிலும் இருந்த அவர்தம் வட்டிக்கடைகளை நடத்தியவர் பெரும்பாலும் முதலாளியல்லர். மூன்றாண்டுத் தவணைக்குச் சென்ற ஏஜெண்டேயாவர். முதலாளி எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரத்தைக்கொண்டு அவ்விலாசத்தின் பெயரால் அவர் கொடுக்கல் வாங்கல் செய்தார். தவணை முடிந்து ஊர் திரும்பினால் அவ்வதிகாரம் அடுத்து வருபவரைச் சாரும். தாம் நேரிற் காணாத தூரதேசத்தில் தம் பெயர் வழங்குவதை ஒரு வணிகர் எங்ஙனம் காப்பது என்னும் வினாவிற்கு நம் முன்னோர் கண்ட விடை இது. அவ்வினாவே இணையச் சந்தையில் இன்று மீண்டும் எழுந்திருத்தலின், அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

கோடம்பாக்கத்தில் ஒரு மாடியறையில் இருந்துகொண்டு, காஞ்சிபுரம் பட்டுச் சேலைகளை லண்டனிலும் டொரான்டோவிலும் உள்ளார்க்கு விற்கும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவருக்குக் கடையில்லை; பெயர்ப்பலகையும் இல்லை. அமேசான், எட்சி போன்ற சந்தைகளில் அவர் திறந்துள்ள கணக்கே கடை. வாங்கினோர் எழுதிய நற்சான்றுகளே பெயர்ப்பலகை. விற்ற பணத்தையும் சந்தையார் சில நாள் தம்மிடம் வைத்திருந்தே அவரது வங்கிக்கு அனுப்புவர். ஆகவே கள்வன் சேலையைத் திருட வேண்டுவதில்லை. கணக்கினுட் புகுந்து வங்கி எண்ணை மாற்றிவிட்டாற் போதும். 2018-ஆம் ஆண்டில் அமேசான் விற்பனையாளர் ஏறத்தாழ 100 பேருக்கு இவ்வாறே நேர்ந்தது என்பது, அந்நிறுவனம் இங்கிலாந்து நீதிமன்றத்தில் அளித்த ஆவணங்களால் 2019-இல் வெளியாயிற்று. இதனினும் கொடியதொன்றுண்டு. திருடிய கணக்கில், கையில் இல்லாத பொருளை மலிவாகக் காட்டிப் பணம் பறிப்பர். வசையெல்லாம் உடையவர் பெயருக்கே வந்து சேரும். போன பணத்தை மீண்டும் ஈட்டலாம். பல்லாண்டு சேர்த்த நற்சான்று அவ்வளவு எளிதில் வருவதன்று.

கள்வன் வருமுன்பே, கணக்குத் திறக்கும் வாயிலிலேயே நம்மவர் இடறுவதும் உண்டு. அயல்நாட்டார் படிவம் குடும்பப் பெயரைக் கேட்கும். நமக்கோ தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. பான் அட்டையில் அது விரிந்தும், வங்கிப் புத்தகத்தில் சுருங்கியும், பாஸ்போர்ட்டில் முன்பின் மாறியும் நிற்கும். ஒரே ஆளை இயந்திரம் மூவராக எண்ணி ஐயுறுகின்றது. சென்னை வீட்டெண்ணோ இன்னும் விந்தை! பழைய எண், புதிய எண் என இரண்டு. ஒன்று மின்கட்டணச் சீட்டிலும் மற்றொன்று வாடகைப் பத்திரத்திலும் இருக்கும். சில சந்தைகள் அஞ்சலில் ஒரு குறியெண்ணை அனுப்பி விலாசத்தைச் சோதிப்பதால், இப்பிழை வாணிகத்தையே நிறுத்திவிடக்கூடும். ஏற்றுமதி இறக்குமதிக் குறியெண் இப்போது பான் எண்ணாகவே வழங்கப்படுகிறது. சரக்கு சேவை வரிப் பதிவெண்ணின் 15 குறிகளில் முதலிரண்டு தமிழ்நாட்டிற்குரிய 33. அடுத்த பத்தும் அதே பான் எண். ஆதலின் பான் அட்டையிலுள்ள பெயரையே வேராகக் கொண்டு மற்றவற்றைத் திருத்திக்கொள்ளுதல் நலம்.

இனிப் பூட்டைப் பற்றிச் சொல்லுவோம். கடவுச்சொல் ஒன்றையே நம்புதல் போதாதென்பதை இன்று யாவரும் அறிவர். கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வரும் குறியெண் இரண்டாவது பூட்டாகும். ஆயினும் அது எண்ணை வைத்திருப்பவர்க்கு வருவதேயன்றி, ஆளை அறிந்து வருவதன்று. பிறனொருவன் நம் பெயரால் வேறு சிம் அட்டை பெற்றுவிட்டால் குறியெண் அவனுக்கே செல்லும். பணம் கட்டாது விட்டுத் துண்டிக்கப்பட்ட எண்ணும், 90 நாட்களுக்குப் பின் வேறொருவர்க்கு வழங்கப்படலாம். இதனினும் நன்று, குறியெண்ணைக் கைப்பேசியிலேயே கணிக்கும் செயலி. சந்தையாரும் நம் கருவியும் முன்னரே பகிர்ந்துகொண்ட இரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து, பெரும்பாலும் 30 விநாடிக்கு ஒரு முறை புதிய எண்ணை அது ஆக்குகிறது. எனினும் போலிப் பக்கமொன்றில் ஏமாந்து அவ்வெண்ணை நாமே எழுதிவிட்டால் பயனில்லை. பாஸ்கீ என்னும் புதிய முறை இக்குறையை நீக்குகின்றது. அதன் இரகசியத் திறவுகோல் எந்தத் தளத்திற்குரியதோ அத்தளத்தின் பெயரைக் கருவியே ஒப்புநோக்கும்; நம் கண் ஏமாந்தாலும் அது ஏமாறாது. இவையனைத்தையும் செய்துவிட்டு, மறந்த கடவுச்சொல்லை மீட்டுத்தரும் மின்னஞ்சலைக் காவாது விடுவோர் பலர். வாயிலைப் பூட்டித் திறவுகோலைத் திண்ணையில் வைத்தவரென்றே அவரைக் கூறவேண்டும்.

வாணிகம் பெருகியபின் படம் ஏற்றுவதற்கும் கடிதங்களுக்கு விடையிறுப்பதற்கும் துணையாட்கள் வேண்டும். அவர்க்குத் தம் கடவுச்சொல்லையே சொல்லிவிடுதல் இங்குப் பெருவழக்காக இருக்கின்றது. பணி விட்டுச் சென்றவர் அதனை மனத்திற் கொண்டே செல்கிறார். பெருஞ்சந்தைகளில் துணையாளுக்குத் தனி நுழைவு தரும் வசதி உண்டு. பொருட்பட்டியலைத் திருத்தலாம், வங்கி எண்ணைத் தொடலாகாது என்று எல்லை வகுத்து அந்நுழைவை அளித்து, அவர் விலகும் நாளிலேயே அதனை நீக்கலாம். இரங்கூன் ஏஜெண்டின் அதிகாரப் பத்திரமும் இந்நுழைவும் நோக்கத்தில் ஒன்றே; எழுதும் ஏடு மட்டுமே மாறியிருக்கிறது.

ஒருவரே பல பெயர்களில் கணக்குத் திறந்து, ஒவ்வொன்றும் வேறு கணினியிலிருந்து வருவதுபோற் காட்டும் மென்பொருள்களும் விற்கப்படுகின்றன. வீட்டில் ஒரு பெயரும் வெள்ளித்திரையில் ஒரு பெயருமாக வாழ்வது கோடம்பாக்கத்திற்குப் புதிதன்று; அதனால் ஒருவர்க்கும் தீங்கில்லை. வாணிகத்தின் நிலை வேறு. வங்கி எண், விலாசம், கருவி முதலியவற்றின் ஒற்றுமையால் சந்தையார் கணக்குகளை ஒன்றோடொன்று பொருத்தி அறிகின்றனர். ஒன்றை முடக்கினால் தொடர்புடைய அனைத்தையும் முடக்கவுங்கூடும். உண்மையாகவே இரண்டு தனி வாணிகம் நடத்துவோர்க்கு, தக்க தொழிற்காரணம் இருப்பின், இரண்டாம் கணக்கிற்கு அமேசான் இடந்தருகிறது. தம் கணக்கைப் பிறர்க்கு வாடகைக்கு விடுதல் இதனினும் பேதைமையென்பது நம் கருத்து. பான் எண் யாருடையதோ, வரி அதிகாரி அவரையே நாடுவார்.

பிறர் கடவுச்சொல்லை வஞ்சகமாகப் பயன்படுத்துவோர்க்கு, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கின்றது. சட்டம் பின்னர்த் தன் வேலையைச் செய்யும். உடைமையாளர் செய்யவேண்டுவன உடனே செய்யத்தக்கன. முதற்கண் மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும், பிறகு கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றிவிட வேண்டும். பணம் செல்லும் வங்கி எண் தம்முடையதுதானா என்று பார்த்து, சந்தையார்க்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பணம் போயிருப்பின் 1930 என்னும் எண்ணை அழைக்கத் தாமதித்தலாகாது. கைமாறிய தொகையை வங்கிகளில் இடைமறித்து நிறுத்துதல், அது மேலும் பல கணக்குகளுக்குப் பிரிந்து செல்லுமுன்னரே எளிதாகும்.